பழஞ்ஜீப்பியல்: மதுரை வட்டார உரைமரபு குறித்து ஓர் ஆய்வு

பழைய ஜீப்பை ஆராயப் புகுவோர் முதலில் தீர்க்க வேண்டியது காலநிர்ணயம். கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நம்பி இதில் இறங்கியவர் எவரும் கரையேறியதில்லை. ஐந்து இலக்க மீட்டர் 99,999 வந்ததும் பூச்சியத்திலிருந்து மறுபிறவி எடுக்கும். இது எத்தனையாவது பிறவி என்பதற்குக் குறிப்பு கிடையாது. பல பிரதிகளில் மீட்டர் கேபிளே அறுந்து கிடக்கும். எனவே அகச்சான்றுகளையே நாட வேண்டியிருக்கிறது: கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே கேட்கிறதா அல்லது கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கிறதா, டேஷ்போர்டில் எதற்கு என்றே தெரியாத ஓட்டைகள் எத்தனை. புறச்சான்று என்று விற்பவர் தருவது ஒன்றே ஒன்று: "டாக்டர் வண்டிண்ணே, ஒரே கை." மதுரைச் சுற்றுவட்டாரத்து ஜீப்பையெல்லாம் இந்த டாக்டரே ஓட்டியிருந்தால், நோயாளிகளை எப்போது பார்த்தார் என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்தது ஆசிரியர் யார் என்ற சிக்கல். மூலபாடம் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1945-ல் லூதியானாவில் எஃகு வணிகத்துக்காகத் தொடங்கிய 'மஹிந்திரா அண்ட் முகமது' நிறுவனம், 1947-ல் வில்லிஸ் உதிரிகளை இறக்குமதி செய்து முதல் 75 ஜீப்புகளைப் பூட்டியது. பிரிவினையின்போது கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் சென்றார். அங்கே நிதியமைச்சராகி, 1951-ல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் நிறுவனம் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிற்று. நூலின் இரண்டாம் ஆசிரியர் அண்டை நாட்டின் அதிபதியான வேறு நூல் எதுவும் நம் மரபில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் மூலம் எழுதியவரைவிட உரை எழுதியவர்களே முக்கியம். இறையனார் களவியலுக்கு நாற்பத்தொன்பது புலவர்கள் உரை கண்டதும், எது மெய்யுரை என்று தீர்க்க ஊமைப் பிள்ளையான உருத்திரசன்மனை உட்கார வைத்ததும், அவன் நக்கீரர் உரையைக் கேட்டுக் கண்ணீர் வார்த்ததும் மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் நடப்பதும் அதுவே. தலைமை மெக்கானிக் பேசமாட்டார். நீளத் திருப்புளியின் முனையை நாஸில் பக்கம் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டிக்காரர் நான்கு காரணம் சொல்வார், கூட வந்தவர் ஆறு சொல்வார். மெக்கானிக் கண்ணைத் திறந்து கேட்கும் முதல் கேள்வி எல்லா உரைகளிலும் மாறாமல் வருகிறது: "இதுக்கு முன்னாடி யாருண்ணே கை வச்சது?" முன்னுரைகாரரை மறுக்காமல் உரை தொடங்குவது மரபன்று.

பாடபேதத்துக்கு ஒரு சான்று மட்டும் பார்ப்போம். மஹிந்திரா எம்.எம். 540 போன்ற பிரதிகளில் உள்ள பெஜோ வழி வந்த 2112 சி.சி. டீசல் எஞ்சின் சித்திரையில் சூடேறும். அந்த எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாமல், ஹெட்டில் இருக்கும் சிற்றறையில் முதலில் எரிவதால் சூட்டில் கணிசமான பங்கு ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போய்விடுகிறது. இதற்குப் புதூர் உரைகாரர் தரும் தீர்வு, "வால்வைத் தூக்கிருவோம்" என்பது. அதாவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. திருமங்கலத்து உரைகாரர் இதை வன்மையாக மறுக்கிறார். எஞ்சின் கொதிக்கும் நேரத்தில் அந்த வால்வு எப்படியும் முழுக்கத் திறந்துதான் கிடக்கும்; திறந்த கதவைக் கழற்றி எறிந்தால் வீட்டுக்குள் கூடுதலாகக் காற்று வராது என்பது அவர் வாதம். குற்றவாளி ரேடியேட்டரில் ஊற்றிய போர்வெல் தண்ணீர். அதன் உப்பு படிந்து உள்குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. போதாததற்கு, இடைஞ்சல் என்று எவரோ விசிறிக்குச் சுற்றியிருந்த கூட்டைக் கழற்றியிருப்பார். பிறகு விசிறி வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், தான் விட்ட வெக்கையையே திரும்ப இழுக்கும். இக்கட்டுரையாளர் திருமங்கலம் பக்கம். எனினும் புதூர்க்காரர் ஐம்பது ரூபாயில் முடிக்கிறார் என்பதையும் பதிவு செய்வது நேர்மை.

இடைச்செருகல் நம் ஊருக்குப் புதிதன்று. உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' செய்து, கரிவாயுவில் வண்டி ஓட வழி பண்ணினார். தேவை பிறப்பித்த செருகல் அது. இன்றைய செருகல்கள் ஆசை பிறப்பித்தவை. 6.00-16 டயர் இருந்த இடத்தில் அகல டயர் ஏறுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அந்த டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசும். உரசாமலிருக்கத் திருப்பத்தைக் குறைத்து வைப்பார்கள். பிறகு கீழமாசி வீதி முக்கில் மூன்று முறை முன்னும் பின்னும் போகாமல் வண்டி திரும்பாது, பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் உரைக்கு உரை வழங்குவார். டயர் உயர உயர மீட்டரும் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், முதலில் சொன்ன காலநிர்ணயச் சிக்கல் இங்கே இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

செருகலைக் களையும் சங்கப்பலகை ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கிறது. சொந்த வண்டிக்கு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுக்கொரு முறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மூலபாடத்தில் கைவைப்பதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன்னால் பூட்டும் இரும்புக் கம்பிக் காப்பும் கூடாதென்று 2017 டிசம்பரில் மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆகவே எஃப்.சி. நாளன்று மட்டும் ஜீப்புகள் வியக்கத்தக்க வகையில் மூலபாடத்துக்குத் திரும்புகின்றன. ஒரே ஜோடி ஒல்லி டயர் ஒரு தெருவின் அத்தனை ஜீப்பையும் பாஸ் பண்ண வைத்ததாகக் கர்ணபரம்பரைச் செய்தியும் உண்டு.

எஞ்சியது நான்கு சக்கர விளக்கம். மதுரைச் சமவெளியில் அதற்கு ஏது வேலை என்று கேட்பவர், ஐப்பசி மழைக்குப் பின் திருமங்கலம் பக்கம் கரிசலில் இறங்கியதில்லை. கோடையில் கால் விடுமளவு வெடித்துக் கிடந்த மண், நீரைக் குடித்து உப்பி, டயர்ப் பள்ளங்களை அப்பி மொழுக்கிவிடும். அப்போது இரண்டாவது கம்பியை இழுத்தால் முன்சக்கரமும் சேர்ந்து வண்டியை வெளியே கொண்டுவரும். தார்ச்சாலையில் இழுத்தால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், விட்டுக்கொடுக்க வழியின்றி ஷாஃப்ட் முறுக்கேறி, கம்பி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வராது. மாதம் ஒரு முறையாவது மண்தடத்தில் போட்டு ஓட்டினால் உள்ளே எண்ணெய் பரவி சீல் காயாது என்பதில் மட்டும் உரைகாரர்கள் அனைவரும் ஒத்துப்போகிறார்கள்.

ஆனால் நடைமுறை வேறு. மைலேஜுக்கு ஆசைப்பட்டு முன் ஷாஃப்டைக் கழற்றி மாட்டுக்கொட்டத்தில் சாத்திவிட்ட பிரதிகளே நாம் கண்டவற்றில் மிகுதி. நூலில் ஓர் அதிகாரமே இல்லை. பொருளடக்கத்தில் மட்டும் பெயர் நிற்கிறது. வாங்க வந்தவர் கம்பியை இழுத்துப் பார்க்கிறார். இழுக்கப் பாரமே இல்லாததால் அது சொடுக்கென்று விழுகிறது. "ஃபோர் வீலு வெண்ணெயாட்டம் விழுகுதேண்ணே" என்று வியந்து, அதற்கென்றே ஐயாயிரம் கூட்டிக் கொடுக்கிறார்.