அரவமற்ற ஏர் பியூரிஃபையர்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழாய்வுலகம் இதுவரை தொடாமல் விட்ட பொருள்கள் பல. கூடத்து மூலையில் ஷூ ரேக்குக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, ஓடுகிறதா இல்லையா என்று வீட்டாரை நிரந்தரச் சந்தேகத்தில் வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டி அவற்றுள் தலையாயது. ஆய்வு எல்லை: வடக்கே மீனம்பாக்கம் ஓடுபாதை, தெற்கே வண்டலூர் உயிரியல் பூங்கா, கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மேற்கே முடிச்சூர். இந்த எல்லைக்கு வெளியே இருப்பவர்களும் மூச்சு விடுகிறார்கள் என்பதை ஆய்வாளர் அறிவார். ஆனாலும் ஆய்வேடு என்றால் எல்லை வேண்டும், அது மரபு.

கருதுகோள் இது: சத்தமில்லாத ஏர் பியூரிஃபையர் கடையில் கிடைப்பதில்லை, வீட்டில்தான் அதை உண்டாக்க வேண்டும். உண்டாக்கிய பின் அதை வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

முன்னோடி முயற்சிகள் என்று பார்த்தால் தாம்பரத்துக்கு உள்ள பெருமை சாமானியமானதல்ல. ஒரு காலத்தில் ஊரே ஏர் பியூரிஃபையராக இருந்தது. டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்பவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்திவந்தார். கணிதமேதை இராமானுஜன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சையில் இருந்திருக்கிறார். அதே சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்து இங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். சிகிச்சை முறை மூன்றே சொல்: காற்று, சாப்பாடு, ஓய்வு. ஃபில்டர் கிடையாது, ரிமோட் கிடையாது, சத்தமும் கிடையாது. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான். நல்ல காற்றுக்காக ஏற்பட்ட அந்தப் பெயரை 'தாம்பரம் சானடோரியம்' ரயில் நிலையம் இன்னும் சுமந்துகொண்டு நிற்கிறது. அதில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வருகிறவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இந்தப் பெருமைக்கு முதல் அடி சென்னைக்குள்ளிருந்தே விழுந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்தில் படுத்திருந்தாலும் நெரிசலான சென்னை வீட்டில் இருந்தாலும் நோய் ஒரே மாதிரிதான் குணமாகிறது என்று 1959இல் காட்டிவிட்டது. உலகம் நெடுகச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த முடிவுக்கும் பங்குண்டு. இரண்டாவது அடியை, காற்றைத் தூசியாக்கி, நாமே கொடுத்துக்கொண்டோம்.

தூசி இங்கே புதிய குடியேறி அல்ல என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இதிலிருந்து ஆய்வாளர் பெறும் முடிவு, பல்லாவரத்தில் கல் உடைக்கும் தொழில் வரலாற்றுக்கு முற்பட்டது என்பதே. பின்னால் வந்த குவாரிகளும் கிரஷர்களும் ஒரு தொல்மரபைத் தொடர்ந்தவைதாம். கோடரி குவார்ட்சைட், மலையோ சார்னோக்கைட், இரண்டும் வேறு வேறு கல் என்று புவியியலாளர் ஆட்சேபிப்பார். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு வைத்த இவ்வகைக் கல்லைக்கொண்டு அந்தப் பாறைக்கு அப்பெயர் வந்தது. செத்தவர் தலைமேல் ஏறிய பல்லாவரம், இருப்பவர் மூக்கில் ஏறுவதில் வியப்பில்லை.) நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரிவது நம் எதிரி அல்ல. அது துடைப்பத்துக்கு அடங்கும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளதுதான் உள்ளே இறங்கித் தங்குவது. அதன் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது 2009இல் வந்த இந்தியத் தரம். 5தான் என்கிறது 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆக ஒரே நுரையீரல், டெல்லிக் கணக்கில் நலமாகவும் ஜெனீவாக் கணக்கில் அபாயத்திலும் இருக்க முடியும்.

பெட்டிக்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் இந்த நுண்துகளைப் பிடிக்கும் விதத்தைக் கடைக்காரர்கள் தவறாமல் தவறாகச் சொல்கிறார்கள். ஓட்டை சிறியது, தூசி பெரியது, ஆகவே மாட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் கொள்கை. உண்மையில் பெரிய துகள் வேகத்தில் திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டுகிறது. மிகச் சிறியது, காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டுத் தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஓர் இழையில் ஒட்டுகிறது. இரண்டுக்கும் தப்பப் பார்ப்பது நடுவில் உள்ள 0.3 மைக்ரான். அதனால்தான் சோதனையே அதைவைத்து நடக்கிறது, அதிலும் 99.97 சதவீதம் சிக்கினால் ஹெப்பா என்று பெயர். நடுத்தர வர்க்கம்தான் எதிலும் அகப்படாமல் நழுவப் பார்க்கும் என்ற சமூகவியல் உண்மை இயற்பியலிலும் செல்லுபடியாவது கவனத்துக்குரியது.

நாற்றத்தைப் பிடிப்பது கரி. பலவற்றில் அது கொட்டாங்குச்சிக் கரி. 'அயனி' என்று எழுதி ஒரு பொத்தான் இருந்தால் அதை அணைத்தே வைப்பது நல்லது. அவற்றில் சில ஓசோனைக் கக்கும், ஓசோன் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கும். மணிக்கு இத்தனை கனமீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது ஒன்று; கடையில் அதை சி.ஏ.டி.ஆர். என்பார்கள். இத்தனை டெசிபெல்தான் சத்தம் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில்லை. முதல் எண் விசிறி தலைதெறிக்கச் சுற்றும்போது எடுத்தது. இரண்டாவது, பெரும்பாலும், அது தூங்கி வழியும் 'ஸ்லீப் மோடில்' எடுத்தது. வரன் விளம்பரத்தில் சம்பளத்தை துபாயில் இருந்த வருஷத்திலிருந்தும் தலைமுடியைக் கல்லூரி ஆண்டுமலரிலிருந்தும் எடுத்துப் போடுகிற ஏற்பாடு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிட்லபாக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை, உயரம் பத்தடி. மொத்தம் 1,200 கன அடி, அதாவது ஏறக்குறைய 34 கனமீட்டர். இந்தக் காற்று மணிக்கு ஐந்து தடவை ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டுமென்றால் 170 கனமீட்டர் தேவை. சிக்கனமான குடும்பத் தலைவர் 170 என்று எழுதியதைத் தேடி வாங்கிவருவார். அது 170ஐத் தருவது முழு வேகத்தில்தான். இரவு பத்து மணிக்கு அந்த இரைச்சல் தாங்காமல் குறைந்த வேகத்துக்குத் தள்ளுவார். காற்று பாதிக்கும் கீழே போகும். ஆனால் பச்சை விளக்கு எரிவதால் மனம் நிறைந்திருக்கும்.

விவரமறிந்தவர் 340 எழுதியதை வாங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுவார். வேகம் பாதியானால் காற்றும் ஏறக்குறையப் பாதி. தேவையான 170 வந்துவிட்டது. ஆனால் விசிறிகளின் சத்தம் வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறி இறங்குவது. வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். பெரியதை வாங்கு, மெதுவாக ஓட்டு: இந்த ஆய்வேட்டில் உருப்படியான வரி இது ஒன்றே என்பது நெறியாளரின் கருத்து. விலை கூடுதல்தான். அதற்கு ஈடாக மின்சாரம் குறையும். 40 வாட்டில் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 57.6 யூனிட், அதாவது 2016இல் அறிவித்த 100 யூனிட் இலவசத்தில் பாதிக்கு மேல். வேகத்தைக் குறைத்தால் விசிறி இழுக்கும் மின்சாரம் அதைவிட வேகமாகக் குறையும்.

இன்னொரு நுட்பம். இந்த வட்டாரத்துக் காதுகள் அதிகாலை மின்ரயிலையும், விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களையும், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தையும் தாண்டிக் குறட்டை விடக்கூடியவை. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெல்தான் என்று 2000ஆம் ஆண்டு ஒலி விதிகள் சொல்வதை ஜி.எஸ்.டி. சாலை லாரிகளுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை. இத்தனையையும் சகிப்பவர் ஏர் பியூரிஃபையரின் முனகலுக்கு எழுந்து உட்காருவது ஏன்? காது சத்தத்தைவிட மாற்றத்தைத்தான் கேட்கிறது. 'ஆட்டோ'வில் விட்டால் வேகம் ஏறி இறங்கும். தூக்கம் கலைவது அந்த ஏற்ற இறக்கத்தில். இரவில் ஒரே வேகத்தில் நிறுத்திவைத்தால், பத்து வருஷமாக டக் டக் என்று ஆடும் சீலிங் ஃபேனுக்கு அடியில் அது காணாமல் போய்விடும்.

காணாமல் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சேலையூர்த் தகவலாளர்கள் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் அவர் மனைவியும். மகன் சான் ஹோசேயிலிருந்து ஆர்டர் போட்டு அனுப்பிய பெரிய பெட்டி வந்து இறங்கியது.

"ஓடுதாங்க அது?"

"லைட் எரியுதே."

"லைட் எரியுது. சத்தத்தையே காணோமே?"

அன்றிரவே மகனுக்கு வீடியோ கால் போனது. "தம்பி, அது சத்தமே போடலப்பா. வேற மாத்தி அனுப்பச் சொல்லு."

"அம்மா, சத்தம் போடாததுக்குத்தான் கூடுதல் காசு."

இந்தப் பதில் ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாததில் நியாயமும் உண்டு. மிக்ஸி, கிரைண்டர், குக்கர், போர் மோட்டார் என்று நம் வீட்டில் எல்லாமே சத்தத்தால்தான் வேலைக்கு அத்தாட்சி கொடுக்கின்றன. மோட்டார் சத்தம் நின்றால் தண்ணீர் நின்றது என்று பொருள். இந்தச் சூழலில் வாயைத் திறக்காமல் உழைக்கும் ஒரு பெட்டி தண்டச்சோறு என்று பெயர் வாங்குவது இயல்பே. மேற்படி வீட்டில் இப்போது விருந்தாளி வந்தால் முழு வேகத்தில் வைக்கிறார்கள். பேசுவது கேட்காது, ஆனால் பெட்டி ஓடுவது தெரிகிறது.

குரோம்பேட்டைத் தகவலாளரின் நிலை வேறு. வாங்கி வருஷமாகியும் ஃபில்டர் வெள்ளை வெளேரென்று இருப்பதைத் திறந்து காட்டி, குரோம்பேட்டைக் காற்றைப் பற்றிப் பத்திரிகைகள் வீண் பீதி கிளப்புகின்றன என்றார். ஃபில்டர் பாலிதீன் உறைக்குள் இருந்தது. உறையைப் பிரித்தபிறகுதான் மாட்ட வேண்டும் என்பது கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. கையேடும் பாலிதீன் உறைக்குள் இருந்தது.

சமையலறை தனிநூலுக்குரியது, இங்கே சுருக்கமாக. பெட்டியின் உணரி, லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை எண்ணுகிறது. அந்தத் துகள் டீசலா, வற்றல் மிளகாயா என்று அதற்குத் தெரியாது. தாளிக்கும்போது பச்சை விளக்கு சிவப்பாகி, விசிறி ஓலமிடத் தொடங்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அம்மா இதைத் தன் சமையல்மீதான விமரிசனமாக எடுத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் பிளக் பிடுங்கப்படுகிறது. இல்லாவிட்டால் புகை சாமியிடம் போய்ச் சேருமுன் பெட்டிக்குள் போய்விடுமாம். இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் படுக்கையறையில் ஒரு மூலையில் ஏர் பியூரிஃபையரையும் மறு மூலையில் கொசுவர்த்திச் சுருளையும் வைத்துவிட்டு உறங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு, சீனச் சுருள்களையும் மலேசியச் சுருள்களையும் எரித்துப் பார்த்துச் சொன்னது. கொசுவலை சத்தமே போடாது, கரண்ட்டும் கேட்காது.

ஜன்னலை எப்போதும் சாத்தியே வைக்க வேண்டும் என்பாரும் உளர். அது பொருந்தாது. நாலு பேர் விடும் கரியமில வாயுவை எந்த ஹெப்பாவும் பிடிக்காது; விடிந்ததும் தலை கனப்பது அதனாலும் இருக்கலாம். மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும்போது திறந்துவிட்டு, மார்கழி தை மாதத்துப் பனிமூட்ட விடியலில் சாத்துவது உத்தமம். கடற்காற்று தாம்பரம் வரும் வழியில் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது என்பது ஒரு நடைமுறைச் சங்கடம். 2022 ஏப்ரலில் அந்த மேடு பற்றி எரிந்தபோது, கடற்காற்று எதையெல்லாம் தூக்கிவரும் என்று கிழக்குப் புறநகர்கள் தெரிந்துகொண்டன.

மேலாய்வுக்கான களங்கள் பல உள்ளன. இரவு பதினொன்றுக்கு மாடிவீட்டில் நாற்காலி இழுப்பவர்களின் ஒலியை எந்த ஃபில்டர் வடிகட்டும் என்பது அவற்றுள் ஒன்று. இவற்றினும் அவசரமானது, ஆயுள் முடிந்த ஃபில்டரின் கதி. பழைய பேப்பர்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பேப்பரும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மாடம்பாக்கத்தில் ஒரு குடும்பம் வேறு வழியின்றி, போகியன்று பழைய பாயோடும் தலையணையோடும் அதையும் வாசலில் போட்டுக் கொளுத்தியது. ஒரு வருஷம் முழுக்கப் பாடுபட்டுப் பிடித்த தூசு அத்தனையும் எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டில் 170 கனமீட்டர் பெட்டி; விளக்கு சிவப்பாகி, அது போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஓடுகிறது என்று அந்த வீட்டு அம்மாவுக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்ததாம்.