பிடித்த கேம் எது?

வீடியோ கேம் கம்பெனியின் போன் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலில், ‘உங்களுக்குப் பிடித்த கேம் எது?’ என்பார்கள். அரட்டை என்று நம்பி, கேண்டி க்ரஷ் என்று உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். 1980-களில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் எழுதிய டெட்ரிஸில் தொடங்குங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று பெயர் கிடைக்கும்.

அடுத்தது கணக்கு. எதிரி ஹீரோவுக்கு முன்னால் நிற்கிறானா, பின்னாலா? ஹீரோ பார்க்கும் திசையையும் எதிரி இருக்கும் திசையையும் டாட் புராடக்ட் எடுத்தால், விடை நேர்க்குறி என்றால் முன்னால். எதிர்க்குறி என்றால் முதுகுப் பக்கம். விளக்கும்போது உங்கள் கை காற்றில் அம்புக்குறியெல்லாம் போடும். மறுமுனைக்குக் கேட்பதென்னவோ, ‘இப்படி சார்... இல்ல, இந்தப் பக்கம் சார்’ மட்டும்தான்.

சுழற்சியைக் கணக்கிட, குவாட்டர்னியன் என்ற எண்முறை. 1843-ல் டப்ளினில் நடந்துபோகையில் கணிதமேதை ஹாமில்டனுக்கு அது பிடிபட, மறந்துவிடாமல் பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறிவைத்தார். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். போன்தானே, எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் வேகம். நொடிக்கு 60 பிரேம் என்றால், ஒரு பிரேமின் வேலை சுமார் 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். இவ்வளவு கறாரானவர்கள் இன்டர்வியூ முடிவை மட்டும் மாதக்கணக்கில் லோடிங்கிலேயே வைத்திருப்பார்கள்.

கடைசியில், ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்கள். கேம் வெளியாகும் முன் ராப்பகலாக உழைக்கும் ‘க்ரஞ்ச்’ உண்டா என்று கேளுங்கள். ‘எங்களுக்கு வேலையே விளையாட்டுதான்’ என்று பதில் வந்தால், சம்பளமும் அப்படித்தானா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.