ராசியில்லாத கை

புதுப் பயிற்சியாளர் வந்தால் போதும், ஜொகூர் மாமாக் கடையில் தே தாரேக் ஆறிவிடும். அவர் ஜாதகம்தான் சூடேறும். 2015-இல் ஜொகூர் டாருல் தாசிம் (ஜேடிடி) கால்பந்துக் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்த மரியோ கோமஸ், ஆடிய காலத்தில் தற்காப்பு ஆட்டக்காரர். பயிற்சி ஏட்டில் என்ன? ஸ்பெயினின் வலென்சியா கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் எக்டர் கூப்பருக்கு உதவியாளராக 2000, 2001 என அடுத்தடுத்து இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத் தோல்விகள். ராசியில்லாத கை என்று முத்திரை குத்த இதைவிட என்ன வேண்டும்? (இறுதிவரை போனதை யார் கணக்கில் சேர்ப்பார்!) ஆனால் அவர் வந்த அதே 2015-இன் அக்டோபர் 31-இல், துஷான்பேயில் நடந்த இறுதியாட்டத்தில் ஜேடிடி, தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் கிளப்பை 1-0 என வென்று ஏஎஃப்சி கோப்பையைத் தூக்கியது. அடித்தது ஒரே கோல்தான், ஆனால் ஒன்றுகூட வாங்கவில்லையே! தென்கிழக்காசிய கிளப் ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல்முறை.