நர்சம்மாவிடம் சிக்காமல் தொப்பையைக் காப்பது எப்படி?

தொப்பை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு நாலு பரோட்டா, காலையில் ஒரு தட்டு பூரி, தெருமுனைக் கடைக்கும் வண்டி, இது போதும். வளர்த்ததைக் காப்பாற்றுவதுதான் இந்தக் காலத்தில் பெரும்பாடு. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி என்பது நாமாகப் போகிற இடம். போகாமல் இருந்துவிட்டால் நோயும் இல்லை, பத்தியமும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கினார்கள். அன்றோடு அந்த நிம்மதி போயிற்று. இப்போது சுகாதாரத் தன்னார்வலர் அக்கா தெருவுக்குள் வருகிறார். சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர், தோள்பையில் பி.பி. மெஷின், சுகர் பார்க்கிற கருவி, மாத்திரை அட்டைகள். அவரிடமிருந்து தப்பினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவு நர்சம்மா இன்ச் டேப்போடும் பெரிய நோட்டோடும் காத்திருக்கிறார்.

காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் மாதிரி ஊரில் ஒளியவும் முடியாது. “அவர் வீட்லதான் இருக்காரு சிஸ்டர், இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போனாரு” என்று காட்டிக்கொடுக்க டீக்கடையில் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். ஆகவே, தொப்பை உடையோர் நலன் கருதி, சோதித்துப் பார்த்த சில வழிகள் கீழே.

1. வயதைக் காட்டித் தப்பியுங்கள்

நர்சம்மா 30 வயதைத் தாண்டிய எல்லோரையும் கூப்பிடுவார். அப்போது உத்திரமேரூரைத் துணைக்கு அழையுங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. சபை வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. ஊரை ஆளவே 35 வரைக்கும் பொறுத்தார்கள், பிரஷர் பார்க்க மட்டும் என்ன அவசரம் என்று கேளுங்கள்.

விவரம் தெரிந்த நர்சம்மாவாக இருந்தால் இந்த வழி எடுபடாது. “அந்தச் சபைக்கு நிக்கணும்னா கால் வேலி நெலம் இருக்கணும், வரி கட்டியிருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும். பிரஷர் வர்றதுக்கு இது ஒண்ணும் வேணாண்ணா. கையை நீட்டுங்க” என்று முடித்துவிடுவார்.

“நான் பகல்ல ஊர்லயே இருக்கறதில்ல, கம்பெனி பஸ்ல போயிடுவேன்” என்பது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகும் தம்பிகளின் வழி. நல்ல வழியாகத்தான் இருந்தது. 2024-இல் இந்தத் திட்டத்தைத் தொழிற்சாலைகளுக்குள்ளும் கொண்டுபோய் அதையும் கெடுத்துவிட்டார்கள்.

2. இன்ச் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்குங்கள்

நன்றாக மூச்சை இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டவையுங்கள். நர்சம்மா அவசரப்பட மாட்டார். ஊர்க்கதை ஒன்றைக் கேட்பார். பதில் சொல்ல வாய் திறப்பீர்கள், மூச்சு வெளியே வரும், டேப் உட்கார்ந்துவிடும். சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது எடுப்பதுதான் சரியான அளவு என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, “என் பேண்ட் சைஸ் இன்னமும் 34 தான்” என்று வாதாடுங்கள். கல்யாணத்தின்போது தொப்புளில் நின்ற பேண்ட் இப்போது அதற்கு நாலு விரல் கீழே இறங்கி நிற்பதை நீங்களாகச் சொல்லாதீர்கள். அவர் அளப்பது பேண்ட் நிற்கும் இடத்தை அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் நோட்டில் ஒரு வட்டம்.

எடையைப் பற்றிப் பேச்சு வந்தால் உலகக் கணக்குக்குத் தாவுங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 30-ஐ எட்டினால்தான் உலக அளவில் உடல்பருமன். நம் நாட்டு மருத்துவர்கள் அந்தக் கோட்டை 25-க்கே இறக்கி வைத்திருக்கிறார்கள். 23-லேயே ‘எடை அதிகம்’ என்கிறார்கள். நமக்கு எடை குறைவாக இருக்கும்போதே கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, சுகரும் மாரடைப்பும் முந்திக்கொண்டு வருகின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். கையும் காலும் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வரும் நம் ஊர் உடல்வாகுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது. அதனாலேயே அதைக் காதில் வாங்காதீர்கள்.

3. பி.பி. மெஷினைக் குழப்புங்கள்

போகும் வழியில் ஒரு டீ, ஒரு பீடி. சைக்கிளை வேகமாக மிதித்துப் போய் இறங்கி, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்லி, கால்மேல் கால் போட்டு, ரேஷன் கடையில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே இருங்கள். அளவு ஏறித்தான் வரும். உடனே, “நடந்து வந்ததுல ஏறிடுச்சி சிஸ்டர், மத்தபடி எனக்கு ஒண்ணுமில்ல” என்று எழுந்துவிடலாம்.

இந்த வழியில் ஒரே ஓட்டை, நர்சம்மாவின் பொறுமை. டீயும் பீடியும் முடிந்து அரை மணி ஆகட்டும் என்பார். முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைப்பார். வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை எடுப்பார். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டையைத் தேடி எடுத்து வருவார். அப்படியும் 140-க்கு 90 என்று நின்றால், இன்னொரு நாள் வரச் சொல்வார். “கண்டிப்பா வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருங்கள். பெரிய நோட்டு எதற்கு என்று அப்போதுதான் புரியும். வராதவர்கள் பட்டியல் தன்னார்வலர் அக்கா கைக்குப் போகும். மறுவாரம் உங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்.

4. சாப்பாட்டுக் கணக்கைச் சரியாகச் சொல்லாதீர்கள்

“சாப்பாட்டுல உப்பு கம்மிதாம்மா” என்பதில் தொடங்குங்கள். அது பொய்யும் அல்ல. சாம்பாரில் கம்மிதான். மீதி ஊறுகாயிலும் அப்பளத்திலும் மோர்மிளகாயிலும் கருவாட்டிலும் இருக்கிறது. அவையெல்லாம் தொட்டுக்கொள்பவை, சாப்பாட்டுக் கணக்கில் வராதவை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுப் பழகியவர்களை அவர்கள் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது, கேழ்வரகு என்பதால் சுகர் ஏறாது என்று மூன்று சொம்பு குடியுங்கள். கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம் என்று நர்சம்மா சொன்னால் அம்மன் பிரசாதத்தைப் பழிப்பதாகக் கோபித்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மருந்துக் கணக்கில் எழுதுங்கள். மிளகும் சீரகமும் சுக்கும் இருக்கிறதே. நெய்யைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.

ஆனால் அவர் கேள்வி கேட்கும் விதமே வேறு. ‘எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறீர்கள்’ என்று கேட்க மாட்டார். “மாசம் எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்கறீங்க? வீட்ல எத்தனை பேர்?” என்று கேட்டு அவரே வகுத்துக்கொள்வார். அதையும் உங்களிடம் கேட்காமல், சமைக்கிறவரிடம் கேட்பார். இதைத் தடுக்க ஒரே வழி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பது.

5. நடக்காமல் இருப்பதற்குக் கௌரவமான காரணம் வையுங்கள்

“நாங்கல்லாம் கழனியில பாடுபட்ட உடம்பு” என்பது மிகச் சிறந்த காரணம். பாடுபட்டது இருபது வருஷத்துக்கு முன்னால் என்பதைச் சேர்க்க வேண்டியதில்லை. இப்போது உழுவதற்கு டிராக்டர், அறுப்பதற்கு மெஷின், வரப்பு வரைக்கும் டூவீலர். தறிக்காரராக இருந்தால் “நாள் பூரா காலை மிதிச்சிக்கிட்டேதான் இருக்கேன்” என்று சொல்லலாம். நாள் பூரா உட்கார்ந்தே மிதிப்பதை விட்டுவிடுங்கள்.

2023 நவம்பரில் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. இது உங்களுக்கு வரம். “எட்டு கிலோமீட்டர் யாரால முடியும்?” என்று கேட்டுவிட்டு எட்டடிகூட வைக்காமல் இருக்கலாம். நர்சம்மா இறங்கி வருவார்: வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம், மூச்சு லேசாக வாங்கும்படி, உங்கள் ஏரிக்கரையிலேயே. அப்போது வெயில், மழை, நாய், பாம்பு என்ற வரிசையில் காரணங்களை எடுத்துவிடுங்கள்.

பெண்களுக்குக் காரணம் தேடித் தர வேண்டியதே இல்லை. விடிகாலையில் தனியாக ஒரு பெண் கை வீசி நடந்தால் ஊர் என்ன பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலைந்து பேராகச் சேர்ந்து நடங்கள் என்று நர்சம்மா சொல்வார். இந்த ஆபத்தான யோசனை பரவாமல் பார்த்துக்கொள்வது ஆண்களின் பொறுப்பு.

6. மாத்திரையை நம்பாதீர்கள், அளவு சரியானதும் நிறுத்துங்கள்

இதையெல்லாம் மீறிச் சிக்கி, டாக்டர் பார்த்து, பிரஷருக்கு அம்லோடிபினும் சுகருக்கு மெட்ஃபார்மினும் எழுதிக்கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். காசு வாங்காமல் கொடுக்கிற மாத்திரையில் என்ன சத்து இருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள். பிறகு ஒரு மாதம் சாப்பிடுங்கள். அளவு சரியாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். மாத்திரை சாப்பிட்டதால்தான் சரியாக இருக்கிறது என்று நர்சம்மா சொல்வார். “சரியானதுக்கு அப்புறம் எதுக்கு?” என்று கேட்டால் பாதி ஊர் உங்கள் பக்கம் நிற்கும்.

மீந்த அட்டையை டி.வி. மேல் வையுங்கள். மச்சானுக்குத் தலை சுற்றினால் அதிலிருந்து ஒன்று கொடுக்கலாம். அக்கா வந்து அட்டையை எண்ணினால் மட்டும் கணக்கு இடிக்கும்.

7. “நர்சுக்கு என்ன தெரியும்?” என்று கேளுங்கள்

கடைசி ஆயுதம் இது. டாக்டர் சொன்னால்தான் கேட்பேன் என்று அடம்பிடியுங்கள். டாக்டர் இரண்டு நிமிடத்தில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். நீங்கள் பத்திரமாக வெளியே வந்துவிடலாம். நர்சம்மாவுக்குத்தான் உங்கள் மாமியார் சமையல் வரைக்கும் விசாரிக்க நேரம் இருக்கிறது.

இந்த வாதத்தை வைக்கும்போது சில செய்திகளை மறைத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் நர்சுகளை முன்வைத்து இதய நோய்த் தடுப்பை முதலில் சோதித்துப் பார்த்தது 2007-இல், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில். 2012 முதல் அதை மற்ற மாவட்டங்களுக்கும் விரித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே நர்சுகளை நியமித்தார்கள். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் நர்சுகள் ஒருங்கிணைத்து, குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு நடத்திய ‘யூரோஆக்‌ஷன்’ ஆய்வு 2008-இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் மாற்ற முடியும் என்று அது காட்டியது. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அளந்து, பேசி, தேவைப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பிய ஆய்வு 2020-இல் வந்தது. இரண்டு வருடத்தில் அந்த ஊர்களில் ரத்த அழுத்தம் மற்ற ஊர்களைவிடச் சுமார் 5 புள்ளி அதிகமாக இறங்கியிருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சூணாம்பேட்டைச் சுற்றி 42 கிராமங்களில், சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் வண்டியோடு போய் 27,014 பெரியவர்களில் 23,380 பேரைச் சோதித்துவிட்டார்கள். கிராமத்து ஜனங்கள் சோதனைக்கு வரமாட்டார்கள் என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

நம் அணியின் பலம்

மனம் தளர வேண்டாம். 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 100-க்கு 7 பேரிடம்தான். சர்க்கரை நோயாளிகளில் 100-க்கு 11 பேர். மருத்துவம் வீடு தேடி வர ஆரம்பித்த பிறகு, அடுத்த கணக்கெடுப்பில் இரண்டும் 17 அளவுக்கு ஏறின. 2024-இல் அந்தத் திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வாங்கியது. எதிரணி வேகமாக வளர்கிறது என்பது உண்மை. ஆனாலும் 100-க்கு 83 பேர் இன்னும் நம் பக்கம். அசுர பலம்.

பின்விளைவுகள்

இந்த வழிகளுக்கு வலி கிடையாது. பிரஷரும் சுகரும் வருஷக்கணக்கில் சத்தமே போடாது. ஒரு நாள் நெஞ்சு அழுத்தும், இடது கை வலிக்கும், வேர்த்துக் கொட்டும். ‘கேஸ்’ என்று சொல்லி ஒரு சோடா குடித்துப் படுத்துவிடுவதே இந்த வழிகாட்டியின்படி சரியான முடிவு. வீட்டில் யாராவது விதியை மீறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 14 மாத்திரை தயாராக இருக்கிறது. மாரடைப்பு என்று தெரிந்தால் அவற்றைக் கொடுத்து, 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கொடுப்பவர், பெரும்பாலும், நீங்கள் இத்தனை நாள் ஏமாற்றிய அதே நர்சம்மா.

இவ்வளவையும் படித்துவிட்டு, அணி மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு வழி ஒன்றே ஒன்று. 30 வயது தாண்டியிருந்தால் இந்த வாரமே துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் கையை நீட்டுங்கள், காசு கேட்க மாட்டார்கள். மாத்திரை கொடுத்தால் டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பிரஷரும் சுகரும் இறங்கத் தொடங்கும். எண்பது கிலோ ஆளுக்கு அது நாலு கிலோதான். போகும்போது வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.