நூறு நானோமீட்டர் அக்கறை

ராமேஸ்வரத்துக்கோ அந்தமானுக்கோ கிளம்புவதற்கு முன் சன்ஸ்கிரீன் டியூபைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை ஒன்றுவிடாமல் படிக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தை எண்ணூரில் இருந்துகொண்டு மனதாரப் பாராட்டுகிறேன். ஆக்ஸிபென்சோன் இருக்கிறதா, ஆக்டினோக்ஸேட் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, விலை கூடினாலும் பரவாயில்லை என்று துத்தநாக ஆக்ஸைடு போட்டதை எடுக்கிறீர்கள். முகத்தில் வெள்ளை திட்டுத்திட்டாக நின்றாலும் பொறுத்துக்கொள்கிறீர்கள். தன் தோலில் பூசுவது கடலில் கரைந்து, கண்ணில் படாத ஓர் உயிரைத் தொடும் என்று நினைத்துப் பார்க்க நல்ல மனம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

உலகமும் உங்கள் பக்கம்தான். ஹவாய் 2018இல் சட்டம் இயற்றி, 2021 ஜனவரி முதல் அந்த இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை நிறுத்தியது. அதற்கு ஓராண்டு முன்பே பலாவ் பத்துப் பொருள்களைத் தடை செய்துவிட்டது. ஆய்வகத்தில் ஆக்ஸிபென்சோன் இளம் பவளங்களை உருக்குலைத்தது உண்மை. கடலில் கரைந்திருக்கும் அளவு அதே கேட்டைச் செய்யுமா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீங்கள் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. சந்தேகம் எழுந்ததுமே விலக்கிவிட்டீர்கள். சந்தேகத்தின் பலனைப் பவளத்துக்குக் கொடுத்த இந்தப் பெருந்தன்மையை எங்கள் கொசஸ்தலை ஆறு கண்டதில்லை. அங்கே கண்ணெதிரே படிந்து கிடப்பதற்கே சாட்சி கேட்பார்கள்.

இன்னும் உயர்ந்தது உங்கள் நுண்ணறிவு. டியூபில் 'நானோ அல்லாதது' என்று போட்டிருக்கிறதா என்று தேடுகிறீர்கள். 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள் கடலுயிர்களின் உடலுக்குள் புகுந்துவிடக் கூடாதே என்ற கவலை. ஒரு துகளுக்காக இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் இதே சென்னையில் வாழ்கிறார்கள் என்பது எங்களுக்குப் பெருமை. எங்களிடமும் துகள் உண்டு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் ஆண்டுக்கணக்காக உடைவதும் ஒட்டுப்போடுவதுமாக, சாம்பல் குழம்பு கழிமுகத்தில் கொட்டியது. ஆறு தூர்ந்து படகு தரை தட்டுகிறது. தண்ணீரில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவர்களின் விரலில் சேற்றோடு சாம்பலும் வருகிறது. அதை எந்த அளவுகோலால் அளப்பது என்று உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

தோலில் படுவது எது என்பதில் நீங்கள் காட்டும் கண்டிப்பையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முகத்துவாரம் வரை படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் வேரெல்லாம் கறுத்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறக்கையோடு உட்கார்ந்திருந்தன. மீனவர்கள் குவளையிலும் பக்கெட்டிலும் எண்ணெயை அள்ளினார்கள். முதல் நாட்களில் பலர் கையில் உறைகூட இல்லை. தோல் எரிந்தது, கண் எரிந்தது. அவர்கள் உடம்பில் அன்று பூசிக்கொண்டதற்கு உட்பொருள் பட்டியல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இருந்திருந்தால் நீங்கள் நிச்சயம் படித்திருப்பீர்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்துக் கரையோரம் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனம் இருட்டில் ஓடியது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 'வாசனை சேர்க்காதது' என்று போட்ட டியூபைத்தான் வாங்குவேன் என்ற உங்கள் உறுதி எவ்வளவு நியாயமானது என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கியது.

பவளத்தின்மீது உங்களுக்கு இருக்கும் பாசத்தில் சந்தேகமே இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி நம்முடைய பவளம் இருக்கிறது. 1986இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில். பவளத்தை வெளுக்கவைப்பது கடலின் சூடு. வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே, தன் உடலுக்குள் இருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகிறது. மன்னாரில் 2010இல் வெளுத்தது, 2016இல் வெளுத்தது, 2024இல் மறுபடி வெளுத்தது. அந்தச் சூட்டை மூட்டும் அடுப்புகளில் சில எங்கள் வாசலில் எரிகின்றன. வடசென்னை அனல்மின் நிலையம் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500, 2024 மார்ச்சில் திறந்த வடசென்னை மூன்றாம் நிலை 800. அந்த மின்சாரமும் வந்து சேரும் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பவளத்துக்குப் பாதுகாப்பான டியூபைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பவளத்துக்கு நீங்கள் செய்யும் நன்மை 50 மில்லியில் அடங்கிவிடுகிறது என்பதற்காக அதை நான் சிறிதென்று சொல்ல மாட்டேன். உங்கள் கைக்கு எட்டியதை ஒழுங்காகச் செய்தீர்கள். எண்ணூர் உங்கள் கைக்கு எட்டாத தூரம். அண்ணா சாலையிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும்.

1970இல் எரியத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். அதன் பெயரிலேயே 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் எழுத்து உங்கள் டியூபில் இருப்பதைவிடப் பெரியது. கந்தக டைஆக்ஸைடு, சாம்பல், பாதரசம் என்று இங்கேயும் உட்பொருள் உண்டு. வேண்டாத பொருள் இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுகிற வசதி மட்டும் எங்களுக்கு இல்லை. குப்பத்துக்காரர்கள் எழுந்து நின்று, தெரிந்தமட்டும் கேள்வி கேட்கிறார்கள். பொடி எழுத்தைப் படித்து, ஒரே பார்வையில் நஞ்சைக் கண்டுபிடிக்கிற கண்கள் உங்களுடையவை. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கண்களோடு வந்து எங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.