தொட்டுக்க என்ன இருக்கு?

கிரியேட்டினின் என்ற சொல்லை என் சொந்தக்காரர்கள் இப்போது என்னைவிடச் சரளமாகச் சொல்கிறார்கள். "ரெண்டைத் தாண்டிடுச்சாமே?" என்று கல்யாண வீட்டில் விசாரிக்கும்போது, பையனின் பரீட்சை மார்க்கைக் கேட்கும் அதே குரல். என்ன, இதில் மார்க் குறைந்தால்தான் பாஸ்.

கிட்னி கோளாறு என்றதும் மூன்று வேளைச் சாப்பாடும் போச்சு என்று உச்சுக் கொட்டுகிறார்கள். சாப்பாடு அப்படியேதான் இருக்கிறது. கண்டமெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு, டீயோடு வருகிறது. அதிலும் பலகாரத்தைவிட, தொட்டுக்கொள்கிற சமாச்சாரம்தான் பொல்லாதது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், பொரியல் எல்லோருக்கும் அதில்தான் பங்கு. ஊறுகாய் வந்து நின்றால் எங்கே போவது? அப்பளத்தை அப்பாவி என்று நினைக்காதீர்கள். அதில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு; காரத்திலும் இருப்பது சோடியம்தான்.

மிக்சர் பாக்கெட்டில் சோடியக் கணக்கு சிறிய எழுத்தில் இருக்கும். சில பாக்கெட்டுகளில் அது 30 கிராமுக்கு மட்டும். மிக்சரை 30 கிராமோடு நிறுத்திய தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதைவிட ஆபத்து, அக்கறை உள்ளவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட்டை நீட்டி, "தாராளமா போட்டுக்குங்க சார்" என்றார். திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தைக் கிளப்பிவிட்டு அந்த நாற்காலியில் பொட்டாசியத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். தளர்ந்த கிட்னியால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று அத்தை சீவித் தரும் இளநீரிலும் அதே ஆசாமி இருக்கிறார். உப்பு மிளகாய்ப்பொடி தூவித் தரும் நட்சத்திரப் பழம் மட்டும் வேடிக்கையே இல்லை. அதிலுள்ள நஞ்சு வெளியேறாமல் தங்கி மூளையைத் தாக்கும், உயிரே போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது வெங்காயச் சட்னி ஆட்சி. சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு மிளகாய் வதக்கி அரைத்து, உப்பு ஒரு சிட்டிகை. உப்புக் குறை தெரியாமலிருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு. தக்காளிக்கு இடமில்லை, தேங்காய் எப்போதாவது விருந்தாளி. வாழைக்காய் பஜ்ஜிக்குப் பொட்டாசியத்தை உத்தேசித்து விடை கொடுத்தாயிற்று. வெங்காய பஜ்ஜி ஒன்றே ஒன்று, அதுவும் நுனியை மட்டும் சட்னியில் தொட்டு. முழுக்காட்டக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. டாக்டரின் உத்தரவுக்காவது அப்பீல் உண்டு.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுத் தக்காளியைத் தூக்கி எறிய வேண்டாம். கிட்னிக்காரர்கள் எல்லோரும் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும் என்பதில்லை; அது அவரவர் ரத்தப் பரிசோதனை சொல்ல வேண்டியது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, நாலு மணிக்கு என்ன தின்கிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதிக்கொண்டு போங்கள்.