கற்பிட்டிக்குக் கிட்ட உள்ள ஸ்டேஷன்: தொலைவியல் நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கைப்பேசி வரைபடத்தில் ‘அருகிலுள்ள ரயில் நிலையம்’ என்று கேட்டால் உலகின் எந்த மூலைக்கும் ஒரு விடை வரும். கற்பிட்டிக்கும் வரும். ஆனால் அந்த விடையை நம்பி மூக்கு நேரே நடந்தவர் களப்புக்குள் இறங்கிவிடுவார். மேற்கே இந்து சமுத்திரம். கிழக்கே 300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட புத்தளம் களப்பு. நடுவே நீட்டிய விரல்போல ஊர். ‘கிட்ட’ என்ற இரண்டு எழுத்துச் சொல் (ஒற்று நீங்கலாக) இந்த விரல் நுனியில் என்ன பொருள் தருகிறது என்பதே ஆய்வுப் பொருள்.

2. முன்னோர் ஆய்வு

ஊர்ப் பெயர் ஆய்வில் கற்பிட்டியாருக்கு எவரும் பாடம் நடத்த முடியாது. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் அடுக்கி 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, 1807இல் இதே ஊரில் பிறந்தவர். அவர் ஸ்டேஷனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதைப் பெருங்குறையாகக் கருதுவோர், அவர் 1860இல் காலமானதையும் இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கியது 1864இல் என்பதையும் தயவுசெய்து கவனிக்க.

அடுத்தது தொல்லியல் சான்று. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்த ஆண்டு 1676. இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் 1,676 மில்லிமீற்றர். தண்டவாள அளவை ஒல்லாந்தர் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டுப் போனார்கள் என்ற கருதுகோளை இவ்வாய்வாளர் மிகுந்த மனக்கிளர்ச்சியோடு முன்வைத்தார். அப்படியானால் கோச்சி கோட்டை வாசலுக்கு வந்திருக்க வேண்டும். றாகமையில் பிரிந்து, நீர்கொழும்பையும் சிலாபத்தையும் கடந்து 1926இல் புத்தளத்தை எட்டிய பாதை, இன்றுவரை இந்தப் பக்கம் தலை திருப்பவில்லை. எனவே கருதுகோள் கைவிடப்பட்டது. முன்னேற்ற அறிக்கையில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.

3. இரு கட்சிகள்

நேர்கோட்டுக் கட்சியார் புத்தளம் என்பர். இரண்டு இடங்களின் அகலாங்கு நெட்டாங்கைக் கொடுத்தால் கணினி கண் இமைப்பதற்குள் இடைத்தூரம் சொல்லும்: ஏறக்குறைய 23 கிலோமீற்றர். அந்தக் கோட்டுக்குக் கால் நனையாது.

தார் ரோட்டுக் கட்சியார் பாலாவி என்பர். பஸ் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடிப் பாலாவிச் சந்தியைத் தொட்ட பின்னரே புத்தளத்துக்கு வடக்கே திரும்பும். அஃதேல், நேர்கோட்டில் எட்டவுள்ள பாலாவி ரோட்டில் முந்தி வருவது என்னை எனின், வழிகாட்டும் வரைபடம் ஒரு மீன்வலை என்க. சந்திகள் முடிச்சு, ரோடுகள் நூல். நூல் உள்ள வழியேதான் கணக்கு ஓடும். களப்பு கிடக்கும் இடத்தில் வலை பொத்தல்.

இரு கட்சியாரும் கணக்கில் எடுக்காதவை: தலவில் அன்னம்மாள் கோயில் திருவிழாக் கூட்டம், ரோட்டின் நடுவே நின்று யோசிக்கும் கழுதைகள், சிலாபத்தோடு நின்றுவிடும் ரயில்கள். ஊர்ச்சனமோ இந்த விவாதம் நடப்பதே தெரியாமல் கொழும்பு பஸ் ஏறிப் போய்விடுகிறது.

4. கள ஆய்வு

தேத்தண்ணிக் கடை வாசலில் ஓட்டோவுக்குள் சாய்ந்திருந்த ஒருவரிடம் கேள்வி வைக்கப்பட்டது.

“நானா, இங்க கிட்ட உள்ள ஸ்டேஷன் எது?”

“எந்தக் கோச்சிக்குத் தம்பி? மனுசன் போறதுக்கா, கல்லுப் போறதுக்கா?”

ஆய்வு அந்த இடத்திலேயே தலைகீழானது. களப்பின் எதிர்க்கரைப் பக்கம், ஊருக்குக் கிழக்கே, அருவக்காடு. அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டுகிறார்கள். அந்தக் கல்லைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஏற்றவென்று புத்தளத்துக்கு அப்பாலும் தண்டவாளம் நீண்டிருக்கிறது. நேர்கோட்டில் கற்பிட்டிக்கு மிகக் கிட்டிய தண்டவாளம் அதுதான். பத்துக் கிலோமீற்றர் அளவே வரும். ஆனால் ஏறி உட்கார ஸ்டேஷன் இல்லாததால் ‘அருகிலுள்ள ரயில் நிலையம்’ என்று தேடுவோருக்கு அது அகப்படாது. பின்னாளில் கொழும்புக் குப்பையையும் கோச்சியேற்றி அங்கே அனுப்பத் திட்டம் வகுத்தார்கள். புத்தளத்துச் சனம் தெருவில் இறங்கி எதிர்த்தது. களப்பின் இந்தக் கரையிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கோ நிலக்கரி கப்பலில் வருகிறது. கல்லுக்குக் கோச்சி, கரிக்குக் கப்பல், குப்பைக்குத் திட்டம். மனுசனுக்கு பஸ், அதிலும் பாலாவி வரை நிற்க இடம் கிடைத்தால் புண்ணியம்.

5. முடிவு

கற்பிட்டி என்பதை இலக்கணப்படி பிரித்தால் கல் + பிட்டி. லகரம் றகரமாய்த் திரிந்தது புணர்ச்சி விதி. பெயரின் முதற்பாதிக்கு ரயில் உண்டு என இவ்வாய்வு நிறுவுகிறது. பிற்பாதிக்கும் அதன்மேல் குடியிருப்போருக்கும் உண்டா என்பது மேலாய்வுக்கு உரியது. மேலாய்வாளர் விடிய முந்தியே பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவது நல்லது, யன்னலோரம் கிடைக்கும்.